மிகக் குறைந்த கட்டண மெய்நிகர் வழங்கியில் தமிழ்ச் சொல்லடைவு: நினைவகம், தேடல், அகரவரிசை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த்துறைகளில் உருவாகும் சொல்லடைவு, பாடவேறுபாட்டுத் தொகுப்பு, கலைச்சொல் பட்டியல் போன்ற சிறு மின்திட்டங்களை, ஆண்டுக்கு ஈராயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் மெய்நிகர் தனி வழங்கியில் நடத்த இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பழந்தமிழ்ப் பனுவல்களின் அளவு இத்தகைய வழங்கியின் எல்லைக்குள் எளிதில் அடங்கும். இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. சிறிய வழங்கிக்கு ஏற்ற எளிய தரவுத்தள மென்பொருளின் இயல்புநிலைத் தேடல், தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை. அதனால் 'பாலை'யைத் தேடுவோர்க்குப் 'போல' என்பதும் கிடைக்கிறது. இப்பிழை ஆய்வுமுடிவுகளைப் பாதிக்கும் முறையும், தமிழிலக்கணத்தின் முதலெழுத்து முப்பது என்னும் பகுப்பு அதற்குத் தரும் தீர்வும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்நிகர் வழங்கி, சொல்லடைவு, முழுப்பனுவல் தேடல், யூனிகோடு, அகரவரிசை, ஓரெழுத்து ஒருமொழி.

முன்னுரை

தமிழாய்வில் சொல்லடைவுக்கு நெடிய பயன்பாட்டு வரலாறு உண்டு. வ. அய். சுப்பிரமணியம் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1990களின் தொடக்கத்தில் தாமஸ் லேமன், தாமஸ் மால்ட்டன் இருவரும் சங்க இலக்கியம் முழுமைக்குமான சொல்லடைவைக் கணினியின் துணையோடு தொகுத்து வெளியிட்டனர். இவ்விரு நூல்களும் அச்சில் நிற்பவை. அவற்றில் பிழை இருந்தால் அது எல்லாப் படிகளிலும் ஒரே பக்கத்தில் இருக்கும். ஒருவர் கண்டு சொன்னால் மற்றவர் திருத்திக்கொள்ளலாம்.

இன்று முனைவர்ப்பட்ட ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வுக்கெனச் சொல்லடைவொன்றை உருவாக்கினால், அது பெரும்பாலும் அவருடைய மடிக்கணினியிலேயே தங்கிவிடுகிறது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அதன் ஒரு பகுதி இடம்பெறும். தரவு பிறர்க்குக் கிடைப்பதில்லை. நிதிநல்கையுடன் நடக்கும் திட்டங்களில் நல்கைக்காலம் முடிந்ததும் இணையதளக் கட்டணம் யார் பொறுப்பு என்பதே தெளிவில்லாமல் போகிறது. இந்நிலையில், ஆய்வாளர் ஒருவர் தம் கைப்பணத்திலேயே செலுத்தக்கூடிய கட்டணத்தில் ஒரு வழங்கி கிடைக்குமானால், அது எவ்வளவு தாங்கும், எங்கே ஏமாற்றும் என்பன கேட்கத்தக்க வினாக்கள்.

வழங்கியின் இயல்பு

மெய்நிகர் தனி வழங்கி என்பது ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல தனிக் கணினிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொருவருக்கு வாடகைக்கு விடும் ஏற்பாடு. வாடகையாளர்க்கு அது தனிக் கணினியாகவே தோன்றும். தமக்கு வேண்டிய இயங்குதளத்தையும் மென்பொருளையும் அவர் நிறுவிக்கொள்ளலாம். 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த சென், 2005இல் வந்த ஓப்பன்விசட், 2007இல் லினக்ஸ் கெர்னலின் 2.6.20 பதிப்பில் இணைந்த கேவிஎம் ஆகியவை இவ்வகை வாடகையை மலிவாக்கின. 2013ஆம் ஆண்டளவில் டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் மாதம் 5 டாலருக்கு 512 மெகாபைட்டு நினைவகமும் 20 கிகாபைட்டு வட்டும் கொண்ட வழங்கியைத் தந்தது. 2016இல் அமேசான் தன் லைட்செயில் சேவையைத் தொடங்கியபோது அதன் கீழ்ப்படியும் இதே விலையில், இதே அளவில் அமைந்தது. இவற்றினும் மலிவாக, ஆண்டுக்கு 10 முதல் 20 டாலருக்குச் சிறு நிறுவனங்கள் விற்பவையே இங்குக் கருதப்படும் மிகக் குறைந்த கட்டண வழங்கிகள்.

மலிவுக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, ஒரே கணினியை மிகப் பலர்க்குப் பகுத்தல். எல்லாரும் ஒரே நேரத்தில் செயலியைப் பயன்படுத்தமாட்டார் என்னும் எதிர்பார்ப்பில் இருப்பைக் காட்டிலும் மிகுதியாக விற்பார்கள். அண்டை வாடகையாளரின் பணியால் தம் வழங்கி காத்திருக்கும் நேரத்தை லினக்ஸ் 'பறிபோன நேரம்' எனத் தனியே கணக்கிட்டுக் காட்டும். சோதனைக் காலத்தில் அந்த எண்ணைப் பகலிலும் இரவிலும் பார்ப்பது பயன் தரும். இரண்டாவது, பகுக்கும் முறை. ஓப்பன்விசட் வகையில் எல்லாரும் ஒரே கெர்னலைப் பகிர்கின்றனர். வாடகையாளர் தமக்கென மாற்று நினைவகக் கோப்பை உருவாக்கிக்கொள்ள முடியாது. கேவிஎம் வகையில் ஒவ்வொருவர்க்கும் தனிக் கெர்னல் உண்டு. விலை சற்றே மிகுந்தாலும் கேவிஎம் வகையையே கொள்வது நல்லது. காரணம் கீழே நினைவகம் பற்றிய பகுதியில் தெரியவரும். மூன்றாவது, முகவரி. பழைய முறையிலான இணைய முகவரிகளின் மையத் தொகுப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. அதன்பின் அம்முகவரிக்கே தனி விலை உண்டாயிற்று. எனவே மிக மலிவான வழங்கிகள் சில ஐபிவி6 முகவரியை மட்டும் தருகின்றன. சில, பழைய முகவரி ஒன்றைப் பலர்க்குப் பகிர்ந்து ஒவ்வொருவர்க்கும் சில வாயில் எண்களை மட்டும் ஒதுக்குகின்றன. ஐபிவி6 இல்லாத இணைப்பிலிருந்து முதல் வகையை அடைய இயலாது. கல்லூரி வளாகத்து இணைப்பிலிருந்து ஒருமுறை திறந்து பார்த்தபின் பணம் செலுத்துவதே முறை.

பனுவலின் அளவு

இவ்வளவு சிறிய இடத்தில் தமிழிலக்கியம் அடங்குமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஒரு கணக்கு அதைத் தீர்க்கும். திருக்குறள் 1330 பாக்கள்; பாவுக்கு ஏழு சீர்; ஆக 9310 சீர்கள். யூனிகோட்டில் 'பாலை' என்னும் ஈரெழுத்துச் சொல் ப, கால், ல, ஐகாரக் குறி என நான்கு குறியெண்களாகும். சீர் ஒன்றுக்குச் சராசரி ஏழு குறியெண் எனக் கொள்ளலாம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு இடம் கொள்ளும். ஆகவே சீருக்கு 21 பைட்டும் ஓர் இடைவெளியும் சேர, திருக்குறள் முழுவதும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பதினாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைக் கொண்ட கம்பராமாயணத்தைப் பாவுக்கு இருபது சீர் என்று கணித்தாலும் ஐந்து மெகாபைட்டைத் தாண்டாது. சங்கப் பாடல்கள் 2381உம் அதற்குக் குறைவான இடத்திலேயே நிற்கும்.

இதற்கு மாறாக, ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்னும் தரத்தில் வண்ணப்படமாக வருடினால் 2480க்கு 3508 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட்டு. சுருக்காத நிலையில் 26 மெகாபைட்டு. ஒரே ஒரு பக்கத்தின் படம் கம்பராமாயணம் முழுமையின் எழுத்துப் பனுவலைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இடம் கொள்கிறது. சுவடிப் படங்களை வைப்பதற்கு இவ்வழங்கி பயன்படாது என்பதை இக்கணக்கே சொல்லும். எழுத்துப் பனுவலுக்கோ இது போதும் என்பதினும் மிகுதி. ஒரு நூலகத்தின் பழந்தமிழ்ப் பகுதியை ஒரு கைப்பைக்குள் எடுத்துச் செல்வது போன்ற இச்சுருக்கம் தமிழாய்வாளர்களால் போதிய அளவு கணக்கில் கொள்ளப்படவில்லை. 'பெரிய திட்டம், ஆகவே பெரிய வழங்கி' என்று நிதி விண்ணப்பங்களில் எழுதப்படுவது பெரும்பாலும் படங்களுக்கே பொருந்தும்.

நினைவகம்

வட்டில் இடமிருந்தும் நினைவகத்தில் இல்லாமற் போவதே சிறு வழங்கியின் வழக்கமான வீழ்ச்சி. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் தன் தற்காலிக இருப்புக்கெனவே இயல்பாக 128 மெகாபைட்டை ஒதுக்கும். பிற உறுப்புகளுக்கும் தனியே கேட்கும். கல்வி நிறுவனங்கள் பெரிதும் விரும்பும் டிஸ்பேஸ் போன்ற களஞ்சிய மென்பொருள்கள் ஜாவா, தனித் தரவுத்தளம், தனித் தேடுபொறி ஆகிய மூன்றையும் வேண்டுவன. பல கிகாபைட்டு நினைவகம் இன்றி அவை இயங்கா. 512 மெகாபைட்டு வழங்கியில் இவற்றை நிறுவ முயல்வது காலவிரயம்.

நினைவகம் தீரும்போது லினக்ஸ் கெர்னல், மிகுதியாக இடங்கொண்டிருக்கும் செயல்முறையைத் தேர்ந்து அதை நிறுத்திவிடும். அது பெரும்பாலும் தரவுத்தளமாகவே இருக்கும். வழங்கி இயங்கிக்கொண்டே இருக்க, தளம் மட்டும் விடை தராது. காரணம் கெர்னலின் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கும். பார்க்கத் தெரியாதவர் நிறுவனத்தைக் குறைகூறுவார். கேவிஎம் வகையில் வட்டில் ஒரு கிகாபைட்டை மாற்று நினைவகமாக ஒதுக்கினால் இவ்வீழ்ச்சி மந்தமாக மாறும். அது நின்றுபோவதைவிட மேல்.

நிரல் எழுதும் முறையும் இதில் பங்குபெறுகிறது. பத்து இலட்சம் சொற்களைக் கொண்ட பனுவலைப் பைத்தான் மொழியில் சொல் சொல்லாகப் பிரித்து ஒரே பட்டியலில் வைத்தால், ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துகளின் இடத்தோடு ஐம்பது பைட்டுக்கு மேற்பட்ட மேற்சுமையும் சேரும். கோப்பில் 22 மெகாபைட்டாக இருந்தது நினைவகத்தில் எண்பது முதல் நூறு மெகாபைட்டாக விரியும். மடிக்கணினியில் இது உணரப்படாது. சிறு வழங்கியில் இருவர் ஒருசேரத் தேடினால் உணரப்படும். வரிவரியாகப் படித்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை விட்டுவிடும் நிரலுக்குச் சில மெகாபைட்டே போதும்.

இவ்வெல்லைகளுக்குள் நிற்கத்தக்கது எஸ்கியூலைட் தரவுத்தளம். இது தனிச் செயல்முறையாக இயங்குவதில்லை. தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். முழுப்பனுவல் தேடலுக்கான உறுப்பும் இதனோடு சேர்ந்தே வருகிறது. சொல்லடைவு போல, எழுதுவோர் ஒருவரும் படிப்போர் பலருமான திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது. ஆனால் தமிழைப் பொறுத்தவரை இதன் தேடலை அப்படியே நம்புவதற்கில்லை.

பாலையும் போலவும்

முழுப்பனுவல் தேடல் என்பது பனுவலைச் சொற்களாகத் துண்டித்து ஒவ்வொரு துண்டுக்கும் இடக்குறிப்பு வைத்துக்கொள்வது. எது சொல்லின் பகுதி, எது சொல்லைப் பிரிக்கும் குறி என்பதை மென்பொருள் யூனிகோடு வகைப்பாட்டைக் கொண்டு முடிவு செய்கிறது. எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 உறுப்பு இயல்பாக எழுத்து, எண், தனிப்பயன் குறி ஆகிய வகைகளை மட்டுமே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. தமிழில் அகரமேறிய மெய்களும் உயிர்களும் 'எழுத்து' வகையில் உள்ளன. உயிர்க்குறிகளும் புள்ளியும் 'சேர்குறி' வகைகளில் உள்ளன. ஆகவே இம்மென்பொருளின் பார்வையில் ஒவ்வொரு கொம்பும் காலும் புள்ளியும் சொல்லின் முடிவு.

'தமிழ்' என்னும் சொல்லே 'தம', 'ழ' என்று இரண்டாக முறிகிறது. தேடுவோர் இடும் சொல்லும் அதே முறையில் முறிவதால் விடைகள் கிடைக்கவே செய்யும். பிழை வெளித்தெரியாமல் நிற்பதற்கு அதுவே காரணம். 'கல்' எனத் தேடினால் அது 'கல' என்னும் துண்டாகும். 'கலை', 'கலி' ஆகியவையும் அதே துண்டு. 'கல்வி'யின் முற்பகுதியும் அதுவே. எல்லாம் விடையில் வந்து சேரும். 'பாலை' என்பது 'ப', 'ல' என்னும் இரு துண்டுகள். 'பால்', 'பீலி', 'போல்', 'போல' ஆகியவையும் அவ்வாறே. உவம உருபாகிய 'போல' பழந்தமிழ்ப் பாடல்களில் எவ்வளவு மிகுதியாகப் பயில்வது என்பது சொல்லத் தேவையில்லை. ஒரு தொகைநூலில் பாலை என்னும் சொல்லாட்சியின் எண்ணிக்கையைத் தேடுபவர், அதில் வரும் 'போல'க்களையும் சேர்த்து எண்ணிவிடுவார். 'முல்லை'யைத் தேடுவோர்க்கு 'மெல்ல', 'மெல்லிய' ஆகியவை கிடைக்கும். விடைகளைத் திரையில் ஒவ்வொன்றாகப் படிப்பவர் பிழையை உடனே காண்பார். எண்ணிக்கையை மட்டும் எடுத்து அட்டவணையிட்டு, ஒரு நூலுக்கும் மற்றொரு நூலுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றி எழுதுபவர் காணமாட்டார். அச்சுச் சொல்லடைவில் நிகழ முடியாத பிழை இது.

இதைத் திருத்துவது கடினமன்று. தேடல் அட்டவணையை உருவாக்கும்போது 'வகைகள்' என்னும் தெரிவில் எழுத்து, எண் ஆகியவற்றோடு இடங்கொள்ளும் சேர்குறி, இடங்கொள்ளாச் சேர்குறி என்னும் இரு வகைகளையும் சேர்த்துக் குறிப்பிட்டால் சொற்கள் முறியா. இகரக் குறி முதல் வகையிலும் ஈகாரக் குறியும் புள்ளியும் இரண்டாம் வகையிலும் இருப்பதால் இரண்டையும் சேர்த்தல் வேண்டும். ஒன்றை மட்டும் சேர்த்தவர் பாதிப் பிழையோடு நிற்பார். முழுப்பிழையைவிடப் பாதிப்பிழை கண்டுபிடிக்க அரிது. எந்த மென்பொருளானாலும், வழங்கியை நம்பத் தொடங்குமுன் 'பாலை', 'போல' ஆகிய இரு சொற்களை மட்டும் கொண்ட அட்டவணை ஒன்றை உருவாக்கி ஒன்றைத் தேடிப் பார்ப்பது சில நிமிட வேலை.

ஓரெழுத்து ஒருமொழி

சொல்லாகத் துண்டிக்கும் முறைக்கு மாற்றாக, பனுவலை மும்மூன்று குறியெண்களாக அடுக்கிக் குறிப்பெடுக்கும் முறையும் எஸ்கியூலைட்டில் உண்டு. சொல்லின் நடுவிலும் தேட இயல்வதால், உருபும் விகுதியும் ஒட்டி வளரும் தமிழுக்கு இது முதற்பார்வையில் ஏற்றதாகத் தோன்றும். 'பாலை' என்றால் 'பாலையும்', 'பெரும்பாலை' இரண்டும் அகப்படும். ஆனால் மூன்று குறியெண்ணுக்குக் குறைந்த எதையும் இம்முறை கண்டறியாது. 'ஆ' ஒரு குறியெண். 'தீ', 'பூ', 'கை', 'கோ' இரண்டிரண்டு. நன்னூல் எண்ணும் ஓரெழுத்து ஒருமொழிகள் நாற்பத்திரண்டும் இம்முறையில் தேடலுக்கு வெளியே நின்றுவிடும். பிறமொழிச் சூழலில் இரண்டெழுத்துக்குக் குறைந்தவை பொருட்படுத்தத் தகாதவை என்று கருதியிருக்கலாம். தமிழில் அவை பெயரும் வினையுமாகும்.

இதில் வியப்பொன்று உண்டு. ஓகாரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டாம் வகையில் எழுதப்பட்ட 'கோ' மூன்று குறியெண் ஆகிவிடுவதால், அதே வகையில் எழுதித் தேடினால் அகப்படும்; முதல் வகையில் எழுதியது அகப்படாது. பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னுமாகச் சேமிக்கப்பட்டன. அவற்றிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இரண்டாம் வகை எஞ்சியிருக்கக்கூடும். எஸ்கியூலைட் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதில்லை. எனவே தரவைச் சேர்க்குமுன் யூனிகோடு வரையறுத்துள்ள இயல்பாக்க வடிவம் ஒன்றுக்கு முழுவதையும் கொண்டுவருதல் இன்றியமையாதது. தேடுவோர் இடும் சொல்லுக்கும் அதே மாற்றத்தைச் செய்தல் வேண்டும். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இடுவது, காலுக்குப் பதிலாக ரகரம் இடுவது ஆகிய தட்டச்சுப் பிழைகளை இயல்பாக்கம் திருத்தாது. அவற்றுக்கு மெய்ப்புப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

முதலெழுத்து முப்பதும் தேடலும்

சேர்குறிகளைச் சொல்லோடு இணைத்த பின்னரும் ஒரு குறை நிற்கிறது. 'நாள்' என்று முன்னொட்டுத் தேடலாக இட்டாலும் 'நாளும்', 'நாளில்' கிடைக்கமாட்டா. யூனிகோட்டில் 'நாள்' புள்ளியில் முடிகிறது. 'நாளும்' அவ்விடத்தில் உகரக் குறியைக் கொண்டுள்ளது. மெய்யின்மேல் உயிர் வந்து ஏறும் இயல்புப் புணர்ச்சிகூட இவ்வெழுத்து முறையில் சொல்லை மறைத்துவிடுகிறது.

இலக்கண நூல்களின் பகுப்பு இங்கே நேரடியாகப் பயன்படுகிறது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு; ஆய்தத்தைச் சேர்த்தால் முப்பத்தொன்று. உயிர்மெய் ஒவ்வொன்றையும் மெய், உயிர் எனப் பிரித்து எழுதினால் 'நாள்' என்பது ந், ஆ, ள் என்றும் 'நாளும்' என்பது ந், ஆ, ள், உ, ம் என்றும் அமையும். முன்னொட்டுத் தேடலில் முதலது இரண்டாவதைத் தானே கண்டறியும். முப்பத்தொரு குறிகளுக்கும் உரோமச் சிற்றெழுத்து இருபத்தாறையும் எண்குறி பத்தையும் வழங்கினால் முப்பத்தாறில் ஐந்து மிஞ்சும். இம்மாற்றுரு பயனர்க்குக் காட்டப்படுவதன்று. தமிழ் வடிவத்துக்கு அருகே தனிப் பத்தியில் இருக்கும். இதில் சேர்குறியே இல்லாததால் எஸ்கியூலைட்டின் இயல்புநிலைத் தேடலே பிழையின்றி வேலை செய்யும். 'பாலை'யும் 'போல'வும் வெவ்வேறு துண்டுகளாகும். ஓகாரக் குறியின் இரு வடிவங்களும் மாற்றத்தின்போது ஒன்றாகிவிடும். 'கோ' முழுச் சொல்லாகக் கிடைக்கும். ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு ஆவதால் 12 பைட்டுச் சொல்லாகிய 'பாலை' நான்கு பைட்டாகக் குறைகிறது. நினைவகம் குறைந்த வழங்கிக்கு இது கூடுதல் பயன்.

எல்லாப் புணர்ச்சியும் இதனால் வசப்பட்டுவிடாது. குற்றியலுகரம் கெட்டு 'காது', 'காதை' ஆகும்போது ஈற்றுயிரை நீக்கித் தேட வேண்டியிருக்கும். 'கற்றூண்' என்பதிலிருந்து 'கல்'லையோ 'தூண்'ஐயோ எந்த எழுத்தொப்பீடும் எடுத்துத் தராது. அதற்குச் சந்தி பிரித்த பனுவலை மற்றொரு பத்தியாக வைத்தல் வேண்டும். அது பதிப்பாசிரியரின் பணி, வழங்கியின் பணியன்று.

ஐந்தாறு மெகாபைட்டுப் பனுவலுக்குக் குறிப்பட்டியல் தேவைதானா என்றும் கேட்கலாம். அவ்வளவு பனுவலைத் தொடக்கம் முதல் இறுதிவரை நேராக ஒப்பிட்டுச் செல்வது மலிவான வழங்கியிலும் நொடிப்பொழுதில் முடியக்கூடியதே. ஒரு நூலுக்கான சொல்லடைவு நேரொப்பீட்டிலேயே நன்கு நடக்கும். குறிப்பட்டியல் பல நூல்களை ஒருங்கே வைக்கும்போது பொருள்படுவது.

அகரவரிசை

எஸ்கியூலைட் தன் இயல்பில் சொற்களைக் குறியெண்ணின் ஏறுவரிசையில் அடுக்கும். யூனிகோட்டின் தமிழ்ப் பகுதி 2944 முதல் 3071 வரையிலான எண்களில் உள்ளது. அதில் நகரத்தை (2984) அடுத்து னகரமும் (2985), ரகரத்தை (2992) அடுத்து றகரமும், லகரத்தை (2994) அடுத்து ளகர ழகரங்களும், அவற்றின்பின் வகரமும் (2997) வருகின்றன. ஆகவே 'அளவு' என்பது 'அவல்' என்பதற்கு முன் வந்து நிற்கும். இறுதியில் வரவேண்டிய 'அனல்', 'அமர்'க்கும் 'அரசு'க்கும் முன்னே போகும். புள்ளிக்குரிய எண் (3021) உயிர்க்குறிகள் யாவற்றினும் பெரிது. அதனால் 'அக்கம்' என்பது 'அகம்', 'அகாலம்' ஆகியவற்றுக்குப் பின் தள்ளப்படுகிறது. அகராதிகளின் முறைப்படி அது முன் வரவேண்டியது.

முந்தைய பகுதியின் முப்பத்தொரு குறி முறையால் இவ்வரிசையைப் பெற முடியாது. சொல்லின் முதலில் உயிர் மெய்க்கு முந்துகிறது. மெய்யின் பின்னரோ தனிமெய் உயிரேறிய மெய்க்கு முந்துகிறது. இரண்டையும் ஒரே வரிசையெண் தீர்க்காது. இங்கு வேண்டியது மற்றைப் பகுப்பாகிய எழுத்து 247. உயிர்க்கு 1 முதல் 12, ஆய்தத்துக்கு 13, பின்னர் 'க்' 14, 'க' 15 என ஒவ்வொரு மெய்க்கும் அதன் உயிர்மெய் பன்னிரண்டும் சேர்ந்த பதின்மூன்று எண்கள் கொடுத்துச் சென்றால், 'னௌ' 247இல் முடியும். ஒரு பைட்டில் 255 வரை எழுதலாம் என்பதால், வடவெழுத்து இல்லாத பழம்பனுவல்களில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்னும் வரிசைத்திறவு போதும். இத்திறவை ஒரு பத்தியாக வைத்து அதன்படி அடுக்கினால் வழங்கியில் வேறு மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய நான்கும் தம் வரிசைகளோடு சேர்ந்தால் மேலும் 52 எண்கள் வேண்டும். பிற்காலப் பனுவலுக்கு இரண்டு பைட்டுத் திறவு கொள்ளலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் என்னும் இக்கருத்து புதிதன்று. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோட்டோடு தரமாக ஏற்ற டேஸ்16 குறியாக்கத்தின் அடிப்படையும் இதுவே. குறியாக்கமாக அது பரவாவிட்டாலும், வரிசைத்திறவாக அக்கருத்து இன்றும் பயனுடையது.

காப்பும் தொடர்ச்சியும்

வழங்கியை வாங்கிய சில மணி நேரத்துக்குள் அதன் நுழைவாயிலில் கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி முயற்சிகள் தொடங்கிவிடும். கடவுச்சொல் நுழைவை நீக்கித் திறவுகோப்பு நுழைவை மட்டும் வைப்பதும், பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே நிறுவப்படுமாறு அமைப்பதும் போதிய முதல் காப்பு. மறையாக்கச் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் 2015 முதல் கட்டணமின்றித் தருகிறது. குறுகிய காலத்தில் காலாவதியாவதால் அதையும் தானே புதுப்பிக்குமாறு அமைத்தல் வேண்டும்.

இவற்றினும் பெரிய வினா, வழங்கியே மறைந்துபோனால் என்ன ஆகும் என்பது. ஆண்டுக்குப் பத்து டாலருக்கு விற்கும் சிறு நிறுவனம் அடுத்த ஆண்டும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பெரிய நிறுவனங்களும் சேவைகளை மூடுவதுண்டு. பல இலட்சம் தனியார் பக்கங்களைத் தாங்கிய ஜியோசிட்டிஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியது. மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர் உழைப்பில் உருவாக்கிய பனுவல்கள் நிலைத்திருப்பதில், அவை யாரும் இறக்கிவைத்துக்கொள்ளும் எளிய கோப்புகளாக இருப்பதற்குப் பெரும் பங்குண்டு. எத்தனையோ கணினிகளில் அவற்றின் படிகள் உள்ளன. பழஞ்சுவடிகளும் ஒரே ஏட்டின் உறுதியால் நிற்கவில்லை. பல ஊர்களில் படியெடுக்கப்பட்டதால் நின்றன.

ஆகவே மலிவு வழங்கியை வெளியிடும் இடமாகவே கொள்ளவேண்டும். காக்கும் இடமாகக் கொள்ளலாகாது. மூலம் எளிய எழுத்துக் கோப்புகளாகத் துறையிலும் ஆய்வாளரிடமும் இருத்தல் வேண்டும். தரவுத்தளம் அக்கோப்புகளிலிருந்து நிரலால் மீண்டும் உருவாக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். திருத்தங்களை வழங்கியிலுள்ள தரவுத்தளத்தில் நேரடியாகச் செய்துவிட்டு மூலக் கோப்பை மறந்துவிடுவதே இங்கு நிகழத்தக்க மிகப் பெரிய இழப்பு. பயன்பாட்டில் இருக்கும்போது எஸ்கியூலைட் கோப்பை அப்படியே படியெடுத்தால் பாதி எழுதப்பட்ட நிலை பதிவாகக்கூடும்; அதற்கென மென்பொருளிலேயே உள்ள காப்புப்படிக் கட்டளையைப் பயன்படுத்துதல் வேண்டும்.

இதற்குரிய சோதனை, வழங்கியை வேண்டுமென்றே அழித்துப் பார்ப்பது. பயனர் வருகை தொடங்குமுன், முதல் மாதத்திலேயே வழங்கியை முற்றிலும் நீக்கிவிட்டு, கையிலுள்ள கோப்புகளையும் நிறுவல் குறிப்பையும் மட்டும் கொண்டு வேறொரு நிறுவனத்தின் வழங்கியில் அதே தளத்தை அமைத்துப் பார்த்தல் வேண்டும். கோப்புகள் சில மெகாபைட்டே ஆதலால், குறிப்பு முழுமையாக இருந்தால் இது ஒரு பிற்பகல் வேலை. எங்கேனும் தடைபட்டால், குறிப்பில் விடுபட்டது எது என்பது அப்போதே தெரிந்துவிடும். அச்சோதனையை முதலில் அமைத்தவர் செய்யாமல், துறையில் உள்ள மற்றொருவர் குறிப்பை மட்டும் பார்த்துச் செய்வது இன்னும் பயன் தரும். தளப்பெயர் யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியுள்ளது, புதுப்பிக்கும் நாள் எது, பணம் யாருடைய அட்டையிலிருந்து செல்கிறது ஆகிய மூன்றும் அக்குறிப்பின் முதல் பக்கத்தில் இருக்கவேண்டியவை. ஆய்வாளர் பட்டம் பெற்றுத் துறையை விட்டுச் செல்லும் நாளில் நூலகச் சீட்டோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டியது அந்தப் பக்கம்.